மண்ணுக்குப் போன கரண்ட்

பெட்டி வந்து நான்கு நாளாகிவிட்டது. மேசையில் கிடந்தது. பூட்ட முடியவில்லை. அதைப் பூட்ட மெயினை நிறுத்த வேண்டும். மெயினை நிறுத்தினால் தேயிலைத் தொழிற்சாலை நிற்கும். கொழுந்து வராத நாள் வேண்டும். அடுத்த போயாவுக்கு, அந்தப் பௌர்ணமி விடுமுறைக்கு, காத்திருந்தோம்.

அந்த நான்கு நாளும் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. கீழே ரோலர் அறைக்குப் போவேன். மோட்டர்களின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். மாடிக்குப் போவேன். திரும்பவும் கீழே வருவேன். என்ன தேடுகிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்கள் தொழிற்சாலை பலாங்கொடையிலிருந்து ஏறும் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் இருக்கிறது. நான் அங்கே எலக்ட்ரீசியன். எட்டாம் வகுப்போடு நின்றவன். ஏணி பிடிக்கப் போனேன். அப்படியே கையில் டெஸ்டர் வந்துவிட்டது.

அந்தப் பெட்டியில் இருந்தது ஒரு டிரிப் யூனிட். பெரிய பிரேக்கருக்குக் கீழே பூட்டுகிற ஒரு கட்டை, அவ்வளவுதான். பிரேக்கர் தனியாக இருந்தால், அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழுந்து கரண்டை நிறுத்தும். அது கம்பிக்கும் மோட்டருக்கும் காவல். மனிதனைக் கொல்ல அவ்வளவு கரண்ட் தேவையில்லை. இந்தக் கட்டை பார்ப்பது வேறு. உள்ளே போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்பி வந்ததா என்று பார்க்கும். கொஞ்சம் குறைந்தாலும், எங்கோ மண்ணுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். உடனே பிரேக்கரைத் தட்டிவிடும்.

அதைக் கேட்டு வாங்கியது நான். காரணம் என் மனைவி.

அவள் ரோலர் அறையில் வேலை செய்கிறாள். வாடிய கொழுந்தை இயந்திரத்தில் கொட்டுவதும் அரைந்து விழுவதை அள்ளுவதும் அவள் வேலை. தரை எப்போதும் ஈரம். ஒரு நாள் காலை ரோலரின் இரும்புச் சட்டத்தில் வலது கையை வைத்தாள். கை ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்றவள் விளக்குமாற்றுக் கட்டையால் அடித்துப் பிரித்தாள். மோட்டருக்குப் போகிற கம்பி இரும்புக் குழாய்க்குள் உரசி உரிந்திருந்தது. எர்த் கம்பி எப்போதோ துருப்பிடித்து அறுந்திருந்தது. மெயின் விழவே இல்லை. ரோலர் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். இரண்டு விரலில் உணர்வு இல்லை. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். கொழுந்து பறிக்க அந்த விரல்கள் வேண்டும். அதனால் தேயிலை மலைக்குப் போக முடியாது. தொழிற்சாலையை விட்டால் அவளுக்கு வேறு வேலை இல்லை.

அந்தக் கம்பியை நான் மாற்றினேன். ஆனால் குழாய்களுக்குள் எத்தனை கம்பி உரிந்து கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. திரும்ப வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் எதையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தாள். அது நான் சொல்லிக்கொடுத்தது. கரண்ட் இருந்தால் கை தானாக விலகும், ஒட்டாது. பார்த்துப் பார்த்து அந்த அறையில் எல்லாப் பெண்களும் அப்படியே செய்யத் தொடங்கிவிட்டார்கள். கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குகிற மாதிரி இருக்கும். என்னால் அதைப் பார்க்க முடியாது.

போயா அன்று காலையில் வெளியே கம்பத்தில் பியூஸை இறக்கினார்கள். கட்டையை விற்ற கம்பனிக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். சின்ன வயது. என்னை 'பாஸ்' என்று கூப்பிட்டு மரியாதையாகப் பேசினார். எல்லாம் சிங்களத்தில்தான். எனக்கு அது தமிழைப் போலத்தான் வரும். அவர் சொல்லச் சொல்ல நான் பூட்டினேன்.

கரண்ட் இல்லை என்று மூன்று தரம் டெஸ்டரால் பார்த்தேன். பிறகு கீழ்க் கம்பிகளைக் கழற்றினேன். கட்டையை பிரேக்கருக்கு அடியில் பொருத்தினேன். மூன்று பேஸ் கம்பியும் அதற்குள் போக வேண்டும். நியூட்ரலும் போக வேண்டும். நியூட்ரலை வெளியே விட்டால், திரும்பி வருகிற கரண்ட் அதன் கண்ணில் படாது, சும்மா சும்மா விழும் என்றார் அவர். அதைத்தான் நான் மிகவும் கவனமாகச் செய்தேன். ஒவ்வொரு நட்டையும் இறுக்கிவிட்டு பெயிண்டில் ஒரு கோடு போட்டேன்.

கட்டையின் முகத்தில் ஒரு சின்னத் திருகு இருந்தது. எவ்வளவு கரண்ட் காணாமல் போனால் விழ வேண்டும் என்று அதில் வைக்கலாம். பாயிண்ட் மூன்று, ஒன்று, மூன்று, பத்து அம்பியர். நான் பாயிண்ட் மூன்றில் வைத்தேன். பியூஸைப் போட்டார்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டு மோட்டர்களை ஒவ்வொன்றாக ஓட்டினோம். ரோலர், அடுப்புக் காற்றாடி, மாடியில் கொழுந்து வாட்டுகிற காற்றாடிகள் எல்லாம் ஓடின. சாயந்தரம் வரை விழவில்லை. கம்பனிக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மெயின் விழுந்தது.

தொழிற்சாலை ஒரேயடியாக நின்றால் காது அடைத்தது போல இருக்கும். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். நிற்கவில்லை, உடனே விழுந்தது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் தூக்கினேன். நின்றது. மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடியும் விழுந்தது.

அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். ஒன்பதரை, இரண்டு. ஐந்து நிமிடம் முன்பின் இருக்கும்.

ரோலருக்குள் கொழுந்து அரையும்போது நின்றால் அது உள்ளேயே சூடேறிக் கெடும். மேலே காற்று நின்றால் கொழுந்து சிவக்கும். தூளின் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வேட்டி கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து அங்கே இருக்கிறவர். சிவந்த கொழுந்தில் ஒரு பிடி கொண்டுவந்து என் மேசையில் போட்டார்.

"என்னப்பா, ஒம் பெட்டி வேல பாக்க வந்துச்சா, வேலைய நிப்பாட்ட வந்துச்சா?"

ரோலர் அறையில் ஒருத்தி சொன்னாள்: "அண்ணே, ஒங்க பெட்டிக்கு டீ டைம் குடுத்துருக்காங்க போல. காலைல ஒருக்கா, பகல்ல ஒருக்கா. நமக்குத்தான் இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

நான் நியூட்ரலைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். திறந்து பார்த்தேன். பெயிண்ட் கோடு அசையாமல் இருந்தது. பிறகு மெகர் கருவியை எடுத்து மோட்டர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பழையவைதான், ஆனால் ஒன்றும் ஒழுகவில்லை. ஒன்பதரைக்கு எந்த மோட்டர் தொடங்குகிறது என்று சுவரில் கரியால் எழுதிவைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் புதிதாக எதுவும் தொடங்கவில்லை. மழையா என்று பார்த்தேன். ஒரு நாள் மழை, ஒரு நாள் வெயில். இரண்டு நாளும் விழுந்தது.

ஒன்பது மணியானால் எனக்குக் கையில் வேலை ஓடாது. பிரேக்கருக்கு முன்னால் போய் நிற்பேன். நின்றால் மட்டும் என்ன? விழுவதைப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் தோட்டத்தை நடத்துகிற துரை கூப்பிட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். நாளைக்கும் விழுந்தால் அதைக் கழற்றிப் பெட்டியில் போடு, கம்பனிக்கு அனுப்பிவிடலாம் என்றார். கொழுந்து கெட்டால் தோட்டம் நடக்காது என்றார். அவர் சொன்னது தப்பில்லை. நான் சரி என்றேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து, தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் பேசினாள்.

"கழட்டச் சொன்னா கழட்டுங்க. நா ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு நிக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

கம்பனிக்காரரைப் போனில் பிடித்தேன். பழைய தொழிற்சாலை, கொஞ்சம் கொஞ்சம் எல்லா இடத்திலும் ஒழுகும், திருகை ஏற்றிவிடுங்கள் பாஸ் என்றார். மறுநாள் காலை ஒன்றில் வைத்தேன். ஒன்பதரைக்கு விழுந்தது. மூன்றில் வைத்தேன். தூக்கியதும் விழுந்தது. பத்தில் வைத்தேன். நின்றது.

யாரும் பார்க்கவில்லை. டீமேக்கர் ஐயா வந்து, சரியாகிவிட்டதா என்றார். ஆகிவிட்டது என்றேன். துரைக்கும் அதையே சொல்லி அனுப்பினார்.

பத்து அம்பியர் மண்ணுக்குள் போனால்தான் விழும். அதற்குக் குறைவாகப் போனால் விழாது. ஒரு மனிதன் செத்துப்போக அதில் ஒரு சிறு பங்கே போதும். அந்தத் திருகை அங்கே வைத்தால் அந்தக் கட்டை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். பச்சை லைட் மட்டும் எரியும்.

பத்தரை மணிக்கு மனைவி தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். என் அறை வாசலில் நின்றாள்.

"நல்லாயிருச்சா?"

"ம்."

அவள் உள்ளே போனாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரோலரின் சட்டத்தை அவள் புறங்கையால் தொடவில்லை. நேராகப் பிடித்தாள்.

அதன் பிறகு என்னால் உள்ளே இருக்க முடியவில்லை. மாடிக்குப் போனேன். அங்கே காற்றாடிகளுக்கு இடையே நடந்தேன். வெளியே வந்து எண்ணெய்த் தொட்டி வரை போனேன். சோற்றுப் பொட்டலத்தைத் திறந்து மூடினேன். இரண்டரை மணியாகியும் மெயின் விழவில்லை. கால் போன பக்கம் கீழே இறங்கினேன். அங்கே பிள்ளைக் காம்பரா. தாய்மார்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். பார்த்துக்கொள்ள ஒரு ஆயம்மா உண்டு. அறுபது வயதிருக்கும். என்னைக் கண்டதும் ஆயம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டது.

"தம்பி, நல்ல நேரம் வந்தீங்க. இந்தக் கேத்தல ஒருக்கா பாருங்க. போட்டு அர மணி நேரமாவுது, இன்னும் கதகதன்னே கெடக்கு. இதுகளுக்கு பால்மாவு கரைக்கணும்."

தண்ணீர் சுட வைக்கிற பழைய கரண்ட் கேத்தல், புதிது வாங்க வேண்டும் என்றேன். எப்போதும் சொல்கிற பதில்தான்.

"பழசுன்னாலும் இன்னைக்கி எரியவாவது எரியுது. மூணு நாளா இதப் போட்டா போதும், தோட்டம் பூரா கரண்ட் போயிருது. காலைலயும் போகுது, ரெண்டு மணிக்கும் போகுது. வெறகு வச்சித்தான் சுட வச்சேன்."

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தக் கம்பியை இழுத்தது நான். பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் இருக்கும். அப்போதிருந்த துரை, பிள்ளைக் காம்பராவுக்குத் தொழிற்சாலையிலிருந்து ஒரு பல்பு கொடு என்றார். சாமான் அறையில் ஒரு சுருள் கம்பிதான் இருந்தது. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கம்பி வேண்டும். அந்தத் தூரத்துக்கு இரண்டு சுருள் வேண்டும். நான் ஒரு கம்பியை மட்டும் இழுத்தேன். திரும்பி வருகிற கம்பிக்குப் பதிலாக, சுவர் ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து அதில் கட்டிவிட்டேன். மண் வழியாகக் கரண்ட் திரும்பிப் போகும். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்களில் எத்தனையோ பேர் அப்படிச் செய்வார்கள். பல்பு எரிந்தது. துரை நல்லது என்றார். பிறகு யாரோ ஒரு கேத்தல் கொடுத்தார்கள். நான் பிளக் வைத்துக் கொடுத்தேன். அதே ஒற்றைக் கம்பியில்.

நான்கு நாளாக ஒழுகலைத் தேடினேன். இது நினைவுக்கே வரவில்லை. இதை நான் ஒழுகல் என்று நினைத்ததில்லை. நான் செய்த வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

சுவர் ஓரத்துக்குப் போனேன். பைப் பக்கத்தில் எப்போதும் சேறாக இருக்கிற இடம் அது. இரண்டு கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. இரண்டு பிள்ளைகள் குந்தியிருந்து மண்புழு எடுத்து ஒரு டின்னில் போட்டுக்கொண்டிருந்தன. மண்ணில் கரண்ட் போனால் புழு உள்ளே இருக்காது, மேலே ஏறி வந்துவிடும்.

பிள்ளைகளைத் தூக்கி வராந்தாவில் விட்டேன். எட்ட நின்று டெஸ்டரைச் சேற்றில் குத்தினேன். மங்கலாக எரிந்தது.

ஆயம்மா பின்னால் வந்து நின்றது.

"அந்த எடம் எனக்கு ஆவாது தம்பி. பாத்திரம் கழுவ நின்னா உள்ளங்கால் சுருசுருங்கும். சீனி வருத்தம் கால்ல எறங்கிருச்சின்னு மருந்து குடிச்சிக்கிட்டிருக்கேன்."

போய்க் கேத்தலை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். மேலே ஓடி, கம்பியைத் தொழிற்சாலைச் சுவரிலேயே வெட்டினேன். பிறகு திருகைப் பத்திலிருந்து இறக்கிப் பாயிண்ட் மூன்றில் வைத்தேன். நின்றது. சாயந்தரம் வரை நின்றது.

டீமேக்கர் ஐயாவிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"வெட்டிட்டல்ல? பொறவு என்ன? பழைய வயரு, இத்துப்போச்சின்னு சொல்லு. பேசாம இரு. ஒனக்கும் புள்ள இருக்கு."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். நானும் அதை நினைத்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் திருகைப் பத்தில் வைத்துவிட்டு மனைவியிடம் 'ம்' சொன்னது அன்று காலையில்தான். ஒரே நாளில் இரண்டு பொய் முடியாது.

நேரே துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்று கேட்டார். யார் போட்டது? நான்தான் என்றேன். தெரிந்தா போட்டாய்? பல்பு எரியும் என்று தெரியும், மற்றது யோசிக்கவில்லை என்றேன். காலையில் திருகை ஏற்றி வைத்ததையும் சொன்னேன். அவர் ஒரு தாளைத் தள்ளினார். எழுதிக் கொடு என்றார். எனக்கு எழுத நேரம் எடுக்கும். அவர் காத்திருந்தார். வெளியிலிருந்து ஆள் வந்து எல்லாக் கம்பியையும் பார்க்கும் வரை மெயின் போர்டைத் தனியாகத் தொடக்கூடாது என்றார். பிள்ளைக் காம்பராவுக்கு இரட்டைக் கம்பி அன்றைக்கே சொல்லி எடுத்தார். யூனிட்டைக் கழற்றுகிற பேச்சு வரவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு. கேத்தல் வந்தபோது அவளுக்கு இரண்டு வயது.

மனைவி உள்ளே ஒரு தரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நம்ம புள்ளையும் அந்த எடத்துலதான உக்காந்து வெளையாண்டுச்சு."

நான் வெளியே போய் நின்றேன். பிறகு உள்ளே வந்தேன். அவள் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள்.

மறுநாள் பிரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரத்திலேயே செய்தி எல்லோருக்கும் போய்விட்டது. தாய்மார்கள் பிள்ளைகளை விடவில்லை. பாதிப் பேர் மலைக்கே போகவில்லை. கங்காணி சத்தம் போட்டுப் பார்த்தார். கரண்டே வெட்டியாகிவிட்டது என்று நான் சொன்னேன். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இரும்புக் கம்பியைப் பிடுங்கினேன். அடித்தபோது கட்டைவிரல் தடிமன் இருந்தது. பென்சில் போல வந்தது. இரண்டு நாளில் புதுக் கம்பி இழுத்தேன். போக ஒன்று, வர ஒன்று. எர்த் தனியாக. கேத்தலுக்கென்று சின்ன பிரேக்கர் தனியாக. வெளியிலிருந்து வந்த ஆள் ஒவ்வொரு முடிச்சையும் பார்த்து சரி என்றார்.

அதற்கு மறுநாள் காலை தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் நின்றார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். இனிப் பயமில்லை என்று ஆயம்மா சொன்னது. ஒருத்தி முன்னால் வந்தாள். இரண்டு மாதக் குழந்தை வைத்திருக்கிறவள்.

"நீங்க சொன்னா நம்பணுமாண்ணே? அன்னைக்கும் நீங்கதான் சரின்னீங்க. செருப்ப கழட்டிட்டு அந்தச் சேத்துல நில்லுங்க. கேத்தல போடட்டும்."

நான் செருப்பைக் கழற்றினேன். பைப் பக்கத்தில் போய் நின்றேன். சேறு கணுக்கால் வரை ஏறியது.

ஸ்விட்சைப் போட யாரும் உள்ளே போகவில்லை. ஆயம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றது. அப்போது என் மனைவி வந்தாள். வேலையிலிருந்து வந்திருக்கிறாள், முந்தானையில் தேயிலைத் தூள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஸ்விட்ச் விழுகிற சத்தம் கேட்டது.

கால் குளிர்ந்தது. வேறு ஒன்றும் இல்லை. மேலே தொழிற்சாலையில் காற்றாடிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை. கேத்தல் இரையத் தொடங்கியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஜன்னல் வழியாக ஆவி வந்தது.

"நிக்கட்டும். முழுசா கொதிக்கட்டும்" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

முழுவதாகக் கொதிக்கும் வரை நின்றேன்.

பிறகு ஒவ்வொருத்தியாகப் பிள்ளையை இறக்கினார்கள். கூடையை மாட்டிக்கொண்டு மலைப் பக்கம் நடந்தார்கள். முன்னால் வந்து கேட்டவள் மட்டும் இறக்கவில்லை. என் காலைப் பார்த்தாள். குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துக்கொண்டு லயத்துப் பக்கம் திரும்பிப் போனாள். அன்றைக்கு அவளுக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. பைப்பைத் திறந்து காலைக் கழுவினேன்.